நெடுந்தீவு என்றொரு ஊரும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் தனித்துக் கிடக்கும் நெடுந்தீவில் பிறந்து, 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்து, பின்னர் இங்கேயே தங்கிவிட்டவன் நான். தங்கள் நாளிதழை நெடுங்காலமாகப் படித்து வருகிறேன். என் ஊரின் பெயர் அதில் அடிக்கடி வருகிறது. 'நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ராமேசுவரம் மீனவர்கள் சிறைபிடிப்பு' என்று தொடங்கும் அந்தச் செய்திகளில் விசைப்படகுகள் எத்தனை, மீனவர்கள் எத்தனை பேர், எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள், காவல் எத்தனை நாள் என்பதெல்லாம் தவறாமல் இருக்கும். நெடுந்தீவில் குடும்பம் குட்டியோடு மக்கள் வாழ்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு சொல்கூட இராது. நன்கு படித்த நண்பர் ஒருவரே, அங்கே கடற்படை முகாமைத் தவிர வேறு ஏதேனும் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் படித்ததெல்லாம் இந்தச் செய்திகளைத்தான். அந்தக் கேள்விக்கு விடையாகவும், தங்களிடம் ஒரு வேண்டுகோளாகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள நெடுந்தீவில் இன்று வாழ்வோர் சுமார் 4,000 பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில் சராசரியாகச் சதுரக் கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வசிக்கையில் எங்கள் தீவில் 80 பேர்தான். மலை இல்லை, ஆறு இல்லை. தரை முழுவதும் சுண்ணாம்புப் பாறையும் முருகைக்கல் என்னும் பவளக்கல்லும். அவற்றின்மேல் சில இடங்களில் சாண் அளவுக்கு மண், சில இடங்களில் அதுவும் இல்லை. பனங்கூடல்களும் பற்றைகளும் இல்லாத இடத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. அது மாரி மழைக்குப் பச்சையாகி, சித்திரைக்குள் காய்ந்து சருகாகிவிடும். தீவுக்கெனத் தனிப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் உண்டு. தமிழ்நாட்டில் தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படும் கச்சத்தீவு, இலங்கை நிர்வாகத்தில் இந்த நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அங்கு போவதற்கு யாழ்ப்பாண நகரில் பேருந்து ஏறி, பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய வேண்டும். மற்றத் தீவுகள் பலவற்றைப் பாலங்கள் குடாநாட்டோடு இணைத்துவிட்டன. நெடுந்தீவுக்கோ அதன்பிறகு சுமார் 1 மணி நேரக் கடற்பயணம் இருக்கிறது. அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயு உருளை, மோட்டார் சைக்கிள், பாடசாலைக்கு வரும் ஆசிரியர், வைத்தியசாலைக்கு வரும் மருந்துப் பெட்டி எல்லாமே அந்தப் படகுக்காகக் காத்திருந்துதான் தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் வந்து இறங்கும். ஊரில் ஒருவர் மற்றவரிடம் நேரம் கேட்டால், காலைப் படகுக்கு முன்பா பின்பா என்று விடை வருவது சாதாரணம். தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் கிளம்பிவிட்டால் அந்த 1 மணி நேரத்தில் நனையாமல் வந்து சேர்ந்தவர் எவருமில்லை. கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் தாழமுக்கம் என்று அறிவித்துவிட்டால் படகே இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும் முன்பே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்த் தங்கிவிடுவது வழக்கம். தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நோயாளியை நள்ளிரவில் கடல் கடத்துவதென்றால் அதற்குக் கடற்படையின் விசைக்கலத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே எந்தக் கடற்படையைப் பற்றிக் கோபத்தோடு எழுதுகிறோமோ, அதனிடமே இரவில் உயிரைக் காக்க உதவி கேட்டு நிற்பதுதான் தீவாரின் நிலை.

இந்தக் கோபத்துக்கு எங்களிடமும் காரணம் குறைவில்லை. 1985 மே 15ஆம் நாள், மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் பயணிகளோடு சென்ற குமுதினி என்ற படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதைச் செய்தனர் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். தீவில் அக்காலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம் என்பதால், எந்த வீட்டிலும் இழவு என்று தனியாகச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அதே குமுதினி பழுது பார்க்கப்பட்டு அதன் பின்னரும் பல ஆண்டுகள் அதே வழியில் ஓடியது; தீவுக்குப் போக வேறு வழி இல்லாத காரணத்தால், பிள்ளையை அதில் பறிகொடுத்தவர்களும் அதிலேயே ஏறிப் போய்வந்தார்கள். ஆண்டுதோறும் மே 15 அன்று மாவிலித்துறையில் நினைவு நாள் நடக்கிறது. பாக்கு நீரிணையில் சிந்திய இரத்தத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்படும் கட்டுரைகளில் இந்த நாள் இடம்பெற்றதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

போரும் வறட்சியும் சேர்ந்து தீவைப் பாதி காலி செய்தன. போனவர்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். எஞ்சியவர்களை அங்கே நிறுத்தி வைப்பதும் துரத்துவதும் தண்ணீர்தான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியே உடனே கீழே இறங்கிவிடும். இறங்கிய நன்னீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்கள் கூறும் கணக்கு. இந்தக் கணக்கின் மறுபக்கம் கொடுமையானது: அவசரப்பட்டு அரை அடி நீரை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்புநீர் 20 அடி மேலே ஏறி வந்துவிடும். ஒரு முறை உவர்த்த கிணறு மீண்டும் தெளிய எத்தனையோ மாரிகள் ஆகும். எங்கள் பாட்டிமாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனாலும் காலையில் இத்தனை வாளி, பின்னேரம் இத்தனை வாளி, அதற்குமேல் கிணற்றைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு வீட்டுக்கு வீடு இருந்தது. குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு, மாடுகளுக்குத் துரவு என்று தண்ணீரைத் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். சாராப்பிட்டியில் உள்ள நன்னீர்க் கிணறுகளே கோடையில் தீவின் பெரும்பகுதிக்குக் கதி. குடங்களோடு அங்கே முறைக்கு நின்ற பெண்களுக்கு அந்த வரிசைதான் செய்தித்தாள். இப்போது உவர்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீர் இறைக்கும் மின்மோட்டாரும் அவற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது என்பதால், அந்த மெல்லிய வில்லையைப் பற்றிய அச்சம் எனக்கு நீங்கவில்லை.

தண்ணீருக்கு அடுத்தது கல். நெடுந்தீவுக்குச் சுற்றுலா வருவோர் முதலில் படம் எடுப்பது தெருவின் இருபுறமும் ஓடும் கல்வேலிகளைத்தான். சுண்ணச்சாந்தோ சீமெந்தோ இல்லாமல், முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்கள் அவை. வீட்டு வளவுக்கும் தோட்டத்துக்கும் எல்லை அதுவே. நிலத்தைப் பயிருக்குத் தயார் செய்ய வேண்டுமானால் முதலில் அதிலுள்ள கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கேயாவது போட வேண்டும். ஆடும் மாடும் குதிரையும் தோட்டத்துக்குள் வராமல் தடுக்கவும் வேண்டும். இம்மூன்றுக்கும் ஒரே விடைதான் அந்த வேலி. அடுக்குகிறவர் அகன்ற கல்லை அடியில் இட்டு, அடுத்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதன் முனை எந்தப் பள்ளத்தில் போய் உட்காரும் என்று கண்டுகொண்ட பிறகே வைப்பார். வைத்தபின் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஆடினால் அந்தக் கல்லை எடுத்துவிட்டு வேறு கல் தேடுவார். கற்களுக்கிடையே வேண்டுமென்றே விடப்படும் இடுக்குகள் வழியாகச் சோளகம் புகுந்து போய்விடும். அதனாலேயே அந்த வேலி சரிவதில்லை. கிட்டே நின்று பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பழைய பவளப்பூச்சிகளின் வீடுகள் தேன்கூடு போல வரிவரியாகத் தெரியும். இன்று மதில் ஒரு மழைக்கு இடிந்தால் அதைத் திரும்ப அடுக்க வீட்டில் ஆள் இல்லை. இளைஞர்கள் போய்விட்டார்கள், முதியவர்கள் முட்கம்பி வாங்கிக் கட்டுகிறார்கள். வரலாற்றுச் சின்னம் என்று பலகை வைத்துப் பாதுகாக்கப்படும் கோட்டையைவிட, யாரும் சின்னமாகக் கருதாத இந்த வேலிகளே தீவுக்கு முக்கியம் என்பது என் எண்ணம்.

கோட்டையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. போர்த்துக்கேயர் நெடுந்தீவை மாடுகளின் தீவு என்று அழைத்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்று தம் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தபோது நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும் அரச ஆவணங்களில் இன்றும் அந்தப் பெயரே இருக்கிறது. வைத்தியசாலைக்குப் பின்னே முருகைக்கல்லால் கட்டிய இரண்டு மாடிக் கோட்டை இடிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக்குச் செய்தி அனுப்பப் புறாக்கள் வளர்த்ததாகச் சொல்லப்படும் புறாக்கூடு இன்னும் நிற்கிறது. குதிரைகளைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர் என்பது பொதுவான கருத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கில அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார், அவர் காலத்து லாயத்தின் தூண்கள் இன்றும் வெளியில் நிற்கின்றன. ஆட்சிகள் போய்விட்டன, குதிரைகள் போகவில்லை. மட்டக்குதிரைகளாகி, காட்டுவிலங்குகளைப் போலக் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. கோடை கடுமையான ஆண்டுகளில் நீரின்றி மடிகின்றன. இந்தக் கடலில் குதிரை புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு அருகிலுள்ள நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்து கெட்டால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் என்று விதிக்கிறது. வாணிகச் சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. அந்நியக் கலத்துக்கும் நியாயமான பங்கு வைத்த விதி ஒன்று இதே கடலில் 800 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது என்பதை, இன்று படகுகளை நாட்டுடைமையாக்கும் செய்தி வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தீவின் மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடிபாடுகள் உள்ளன. அவை பழைய பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் எனத் தொல்லியலாளர் கருதுகின்றனர். தமிழர் பௌத்தராகவும் இருந்த காலம் ஒன்று உண்டு என்பது மணிமேகலையைப் படித்தவர்களுக்கு வியப்பாக இராது. ஆனால் இன்றைய இலங்கை அரசியலில் அந்தக் கற்கள்மேல் யார் உரிமை கொண்டாடுவது என்பது வழக்காகிவிட்டது. பெருக்கு என்னும் பாவோபாப் மரத்தையும், வளர்ந்துகொண்டே போவதாகச் சொல்லப்படும் கல்லையும், ஆதாமின் பாதம் என்று காட்டப்படும் பள்ளத்தையும் பற்றி எழுதச் சுற்றுலாத் துறையினர் இருக்கிறார்கள். அவர்களின் வாகன ஓட்டி மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டி மாலைப் படகில் ஏற்றிவிடுவார்.

தமிழ் ஆய்வுலகுக்கும் இத்தீவோடு ஓர் உறவு உண்டு. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964இல் அமையவும், முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடவும் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகளார் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவராயினும், அவருடைய தந்தையின் ஊர் நெடுந்தீவுதான்.

2021இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டத்தை ஒரு சீன நிறுவனத்துக்கு இலங்கை வழங்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது, ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் சீனா வந்துவிட்டது என்று தமிழ்நாட்டு ஏடுகள் பலவும் எழுதின. இந்தியாவின் எதிர்ப்புக்குப் பிறகு அத்திட்டம் கைமாறி, 2022 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தமாகி, 1.1 கோடி அமெரிக்க டாலர் இந்திய நன்கொடையில் நடைபெறுவதாயிற்று. பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் செய்திகள் ஒன்றில்கூட, படகில் டீசல் கொண்டுவந்து மின்பிறப்பாக்கியை ஓட்டி வெளிச்சம் பெறும் 4,000 பேர் அந்தத் திட்டத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்ற வரியை நான் காணவில்லை.

இனி, தங்கள் வாசகர்களுக்கு உவப்பாக இராத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படைக் கலம் மோதி ராமேசுவரம் மீனவர் ஒருவர் உயிரிழந்த செய்தியை நான் துயரத்தோடு படித்தேன். மீன்பிடிக்கப் போனவரை உயிரிழக்கச் செய்வதற்கு எந்த எல்லைக் கோடும் நியாயமாகாது. அதே வேளையில், அந்தக் கடலில் என் ஒன்றுவிட்ட தம்பியும் தொழில் செய்கிறான். அவனிடம் இருப்பது ஃபைபர் படகு ஒன்றும், கடன் வாங்கித் தைத்த வலைகளும். பின்னேரம் வலையைப் பாய்ச்சிவிட்டு விடியலில் எடுப்பது அவன் தொழில். இரவில் அந்த வழியாக இழுவைமடிப் படகுகள் வந்து போயிருந்தால் விடியலில் அவனுக்குக் கிடைப்பது மிதப்புக் கட்டைகள் சிலவும் அறுந்த கயிறும்தான். அதனால் இங்கிருந்து விசைப்படகுகள் புறப்படும் நாள்களில் அவன் கடலுக்குப் போவதில்லை. கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் நடக்கும் அந்த இரண்டு மாதங்களே தனக்கு நிம்மதியான மாதங்கள் என்று அவன் சொல்கிறான். ராமேசுவரத்துத் தொழிலாளியும் கூலிக்கு வலை இழுப்பவர் என்பதும், எல்லைக்கு இந்தப்புறம் மீன் இல்லாமற் போனதே அவரை அந்தப்புறம் தள்ளுகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். அவர்களை அவன் அண்ணன்மார் என்றுதான் சொல்வான். அண்ணன்மாரின் கைதைப் பற்றிய செய்தி வெளியாகும் பக்கத்தில், தம்பியின் வலை அறுந்ததற்கு நான்கு வரி இடம் தருவது தமிழ்நாட்டு மீனவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நெடுந்தீவுக் கடற்பகுதியிலிருந்து கைதுச் செய்தி வரும்போது, தங்கள் செய்தியாளர் ராமேசுவரத்து மீனவர் சங்கத்தைக் கேட்பது போலவே தீவின் மீனவர் சங்கத்தையும் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு எழுதட்டும். அவர்களும் தமிழிலேயே பதில் சொல்வார்கள். மேலும், ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து பக்தர்களின் படகுகள் செல்கின்றன. தங்கள் நாளிதழும் அதைப் பற்றிப் படங்களோடு எழுதுகிறது. அதே திருவிழாவுக்கு நெடுந்தீவிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஒரே திருப்பலியில் ஒரே மணலில் அமர்கிறார்கள். அடுத்த ஆண்டு அங்கே செல்லும் தங்கள் செய்தியாளர், கொடியேற்றத்தைப் படம் எடுத்த பிறகு, நெடுந்தீவுக்காரர் இறங்கியிருக்கும் பக்கமாகப் போய், இந்த ஆண்டு மாரி எப்படி, கிணறு உவர்த்துவிட்டதா, படகு ஒழுங்காக ஓடுகிறதா, வலை எத்தனை போயிற்று என்று கேட்டு எழுதினால், அதை வெட்டி எடுத்து மாவிலித்துறைக்கு அனுப்பி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுந்தீவில் பிறந்த ஒரு வாசகன்